யூசிஎல்ஏவின் பத்துப் பட்டங்கள்: அரங்கம் தந்ததா, ஆட்டம் தந்ததா?

கறார்_கணக்கு:

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம், அதாவது யூசிஎல்ஏ, ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் 1964 முதல் 1975 வரை 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்களை வென்றது. பயிற்சியாளர் ஜான் வூடன். இந்தப் பத்தையும் இன்றைய பட்டங்களோடு ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணுவது தவறு என்பது என் வாதம். மூன்று காரணங்கள் சொல்கிறேன். மறுப்பவர்கள் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லட்டும்.

முதலாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை. இன்று பட்டம் வெல்ல ஒரு அணி தொடர்ந்து 6 ஆட்டங்களில் ஜெயிக்க வேண்டும். 1964 முதல் 1973 வரை யூசிஎல்ஏ ஒவ்வொரு பட்டத்துக்கும் ஆடியது 4 ஆட்டங்கள்தான். 1975இல் மட்டும் 5. ஆக, 10 பட்டங்களுக்கு மொத்தம் 41 ஆட்டங்கள். இன்றைக்கு அதே 10 பட்டங்களுக்கு 60 ஆட்டங்கள் தேவை.

இரண்டாவது, மேற்குப் பிரிவு. அப்போது அணிகளைத் தரவரிசைப்படி நாடெங்கும் பரப்பவில்லை; ஊர் பார்த்துப் பிரித்தார்கள். கிழக்கிலும் தெற்கிலும் வலுவான அணிகள் தங்களுக்குள் மோதிக் கழிய, யூசிஎல்ஏ மேற்கில் என்ன ஆடியது? 1967இல் வயோமிங்கை 109-60 என்று வென்றது. 1969இல் சான்டா கிளாராவை 90-52. இவை தேசியப் பட்டத்துக்கான பாதையில் வரும் ஆட்டங்கள் மாதிரியா இருக்கின்றன?

மூன்றாவது, பாலி பெவிலியன். 1965இல் வளாகத்துக்குள்ளேயே திறந்த அந்த அரங்கத்தில் வூடனின் அணி 149 வென்று 2இல் மட்டும் தோற்றது. 1969, 1973 மேற்குப் பிரிவுச் சுற்றுகளும் அங்கேயே நடந்தன. 1968, 1972 இறுதிச் சுற்றுகள் அதே ஊரின் ஸ்போர்ட்ஸ் அரீனாவில். சொந்தக் கட்டடம், சொந்த ஊர், பலவீனமான பிரிவு, குறைந்த ஆட்டங்கள். இத்தனையும் கழித்துவிட்டுப் பேசுவோம்.

மூன்றாம்_மாடி:

மூன்றாவது காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். அது காலக்கணக்கிலேயே விழுந்துவிடுகிறது.

முதல் பட்டம் 1964 மார்ச்சில், இரண்டாவது 1965 மார்ச்சில். பாலி பெவிலியன் திறந்தது 1965இன் நடுப்பகுதியில். இரண்டு பட்டங்களும் சொந்த அரங்கம் இல்லாத அணி வென்றவை. புது அரங்கத்தில் ஆடிய முதல் பருவமான 1965-66இல் என்ன ஆயிற்று? 18 வெற்றி, 8 தோல்வி. தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அரங்கம்தான் பட்டம் தந்தது என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பாலிக்கு முன்பு அவர்களுக்கு இருந்தது 1932இல் கட்டிய ஆண்கள் உடற்பயிற்சிக்கூடம். ஆட்டத்தளம் மேல்மாடியில். காற்றோட்டம் கிடையாது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். கூடைப்பந்துப் பயிற்சி நடக்கும்போதே பக்கத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியும் மல்யுத்தமும் நடக்கும். பயிற்சிக்கு முன் வூடனும் மாணவ உதவியாளர்களும் தரையைப் பெருக்கித் துடைப்பார்கள். 1955இல் தீயணைப்புத் துறை அங்கே இவ்வளவு கூட்டம் கூடக் கூடாது என்றதும், முக்கியமான ஆட்டங்கள் வெளியே போயின. வெனிஸ் உயர்நிலைப் பள்ளி, பான்-பசிபிக் அரங்கம், சான்டா மோனிகா சிட்டி காலேஜ், பின்பு ஸ்போர்ட்ஸ் அரீனா என்று பத்து வருடம் இடம் மாறி மாறி ஆடினார்கள். ஸ்போர்ட்ஸ் அரீனாவும் அதே ஊரின் பரம எதிரியான தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு, அதாவது யூஎஸ்சியோடு, பங்கிட்டுக்கொண்டதுதான். அந்த நிலையிலும் 1963-64இல் 30-0.

அந்தப் பழைய கூடத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. 1954 டிசம்பரில் பில் ரசல் ஆடிய சான் பிரான்சிஸ்கோ அணியை 47-40 என்று யூசிஎல்ஏ தோற்கடித்தது அங்கேதான். அதற்குப் பிறகு அந்த சான் பிரான்சிஸ்கோ அணி தொடர்ந்து 60 ஆட்டங்கள் தோற்கவே இல்லை.

ஜான்ஸ்_படிகள்:

வளாகத்தைப் பற்றிப் பேசும்போது நிலத்தின் அமைப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. யூசிஎல்ஏ 1929இல் வெர்மான்ட் அவென்யூவிலிருந்து வெஸ்ட்வுட்டுக்கு வந்தது. மேட்டின் மேல் ராய்ஸ் ஹால், எதிரே பாவெல் நூலகம், இரண்டு அறிவியல் கட்டடங்கள்: இந்த நான்கும்தான் தொடக்கம். ராய்ஸின் இரட்டைக் கோபுரங்கள் மிலான் நகரத்தின் சான்ட் அம்ப்ரோஜியோ தேவாலயத்தைப் பார்த்து எடுத்தவை. அங்கிருந்து மேற்கே ஜான்ஸ் படிகளில் 87 படி இறங்கினால் வில்சன் பிளாசா. பிளாசாவின் தெற்கே பழைய ஆண்கள் கூடம், வடக்கே பெண்களுக்கான கூடமாக இருந்த காஃப்மன் ஹால். ஆண்கள் கூடம் இன்றும் நிற்கிறது; மாணவர் செயல்பாட்டு மையமாகப் பயன்படுகிறது. அதைத் தாண்டி மேற்கே, ஆக்கர்மன் யூனியனுக்கும் அப்பால், தாழ்ந்த நிலத்தில் பாலி பெவிலியன்.

அரங்கத்தை வடிவமைத்தவர் வெல்டன் பெக்கட். செலவு சுமார் 50 லட்சம் டாலர். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்தவர் எண்ணெய்த் தொழிலதிபரும் பல்கலைக்கழக ஆட்சிமன்ற உறுப்பினருமான எட்வின் பாலி. முழுக்கக் கூடைப்பந்துக்கென்று கட்டியதல்ல; பட்டமளிப்பு விழா, கச்சேரி எல்லாவற்றுக்குமான பொது மண்டபம். அதனால்தான் கூடைகளுக்குப் பின்னால் இருந்த இருக்கைகள் தளத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தன. எதிரணியை நடுங்க வைக்கும் அரங்கம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கன்சாஸின் ஆலன் பீல்டுஹவுஸ் மாதிரி கூட்டம் காதுக்குள் கத்தும் அமைப்பு இங்கே இல்லை. 2010 முதல் 2012 வரை சுமார் 13.6 கோடி டாலரில் புதுப்பித்தபோதுதான் இருக்கைகளை நெருக்கிக் கொண்டுவந்தார்கள், மாணவர்களுக்கும் தளத்தை ஒட்டியே இடம் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் 2011-12 பருவம் மறுபடியும் ஸ்போர்ட்ஸ் அரீனாவிலும் அனஹைம் ஹோண்டா சென்டரிலும் ஓடியது.

தாழ்ந்த நிலத்தில் கட்டியதன் விலை 2014 ஜூலையில் தெரிந்தது. மேலே சன்செட் புலிவார்டின் அடியில் போகும் ஏறக்குறைய நூறு வயதுக் குழாய் உடைந்து, தண்ணீர் சரிவில் இறங்கி நேராக பாலிக்குள் வந்தது. மேப்பிள் மரத்தளம் சில மணி நேரம் நனைந்தாலே போதும், பலகையின் அடிப்பக்கம் ஊறி விளிம்புகள் தூக்கிக்கொள்ளும். பந்து ஒரே சீராக எழாது. காயவைத்து இழைத்தாலும் அடிச்சட்டத்தில் ஈரம் நிற்கும். புதுப்பித்து இரண்டே வருடமான தளத்தை முழுவதும் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள்.

கறார்_கணக்கு:

சரி, 1964, 1965 இரண்டையும் அரங்கக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். மீதி எட்டு? அரங்கம் ஆட்டக்காரர்களை இழுத்து வந்தது என்று சொல்லலாம் அல்லவா? நியூயார்க்கின் 7 அடிக்கு மேல் உயரமான பள்ளி மாணவர் லூ அல்சின்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜபார், நாட்டின் இன்னொரு கோடிக்கு வந்தது 1965இல். அரங்கம் திறந்த அதே வருடம். வந்ததும் 1965 நவம்பர் 27 அன்று புது அரங்கத்தில் முதலாண்டு மாணவர் அணி, நாட்டின் முதலிடத்தில் எதிர்பார்க்கப்பட்ட யூசிஎல்ஏவின் சொந்த மூத்த அணியையே 75-60 என்று அடித்தது. அல்சின்டர் 31 புள்ளி, 21 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அவர் ஆடிய மூன்று வருடம் 88-2, மூன்று பட்டம். பிறகு பில் வால்டன், இரண்டு பட்டம். இப்படிப்பட்ட உயரமும் திறமையும் கையில் இருந்தால் எந்தப் பயிற்சியாளரும் ஜெயிப்பார்.

பழைய_விசில்:

அண்ணா, கூட்டிப் பாருங்க. அல்சின்டர் மூணு, வால்டன் ரெண்டு, அஞ்சாச்சு. மீதி அஞ்சு பட்டம் யாரோடது? 1964, 65, 70, 71, 75. அந்த அஞ்சு வருஷமும் அணியில அல்சின்டரும் இல்ல, வால்டனும் இல்ல.

1970 இறுதியில ஜாக்சன்வில் அணியோட சென்டர், அதாவது கூடையடியில நிக்கிற உயரமான ஆள், ஆர்டிஸ் கில்மோர் 7 அடி 2 அங்குலம். அவரை மறிச்சது 6 அடி 8 அங்குல சிட்னி விக்ஸ். முதல்ல விக்ஸ் கில்மோருக்கு முன்னாடி நின்னு பாஸைத் தடுக்கப் பார்த்தார், அது வேலைக்கு ஆகல. உடனே பின்னாடி மாறி நின்னு, சுத்தியிருந்தவங்க உதவியோட ஷாட் எடுக்கிற நேரத்துல எழும்பி மறிச்சார். கில்மோரோட ஷாட்டுகள் திரும்பத் திரும்ப பிளாக் ஆச்சு. முடிவு 80-69.

அல்சின்டர் ஏன் வந்தார்ங்கறதுக்கும் கட்டடம் மட்டும் காரணம் இல்ல. அந்த வளாகத்துல கறுப்பின மாணவர்களுக்குக் கிடைச்ச இடம்தான் பெரிய காரணம். ரால்ஃப் பன்ச் 1920கள்ல அங்க கூடைப்பந்து ஆடினவர், பின்னாடி நோபல் அமைதிப் பரிசு வாங்கினவர். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அங்க படிச்சார். 1947இல் டான் பார்க்ஸ்டேல் தேசிய அளவுல தேர்வான முதல் கறுப்பினக் கல்லூரி கூடைப்பந்து வீரர். டெகாத்லான்ங்கற பத்துப் போட்டித் தடகள வீரர் ரேஃபர் ஜான்சன் மாணவர் தலைவராவே இருந்தார். ஜான்சனைத் தொலைக்காட்சியில பார்த்ததும், பன்ச்சும் ராபின்சனும் எழுதிய கடிதங்களும் தன்னை இழுத்ததா அல்சின்டரே சொல்லியிருக்கார். அந்தக் காலத்துல தெற்குப் பகுதிப் பெரிய பல்கலைக்கழகங்கள் நிறைய கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்ல. யூசிஎல்ஏ முப்பது வருஷத்துக்கும் மேலா திறந்து வெச்ச கதவு அது.

மூன்றாம்_மாடி:

உயரம் பற்றி: 1964 அணியின் தொடக்க ஐவரில் யாருமே 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. எதிரில் இறுதியில் ட்யூக்கிடம் 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர். இடைவெளியை நிரப்பியது 2-2-1 பிரஸ்: எதிரணியைத் தளம் முழுக்க மூன்று வரிசையாக நின்று நெருக்கும் தடுப்பாட்டம். துணைப் பயிற்சியாளர் ஜெரி நார்மன் வலியுறுத்தி, அந்தப் பருவத்தில் வூடன் எடுத்துக்கொண்ட முறை. இதை வெறும் "முழுக்கள நெருக்கடி" என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். எப்படி இயங்கியது என்று பார்த்தால்தான் இது ஏன் ஆளைப் பொறுத்ததல்ல, பழக்கத்தைப் பொறுத்தது என்று புரியும்.

தளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். நாம் கூடை போட்டவுடன் பிரஸ் அமைகிறது. தவறினால் அமைக்க நேரமில்லை, திரும்பி ஓடிவிட வேண்டும். முன்வரிசையில் இருவர், எதிரணியின் ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டி: 1964இல் கெயில் குட்ரிச்சும் ஃபிரெட் ஸ்லாட்டரும். ஸ்லாட்டர் அணியின் சென்டர். அவரை முன்னால் நிறுத்தியதே வழக்கத்துக்கு மாறானது. அகன்ற உடம்பு, வேகமான கால். அவருக்கு மேலாகப் பார்த்து நீளமாக எறிவது கடினம். இரண்டாம் வரிசையில் வால்ட் ஹசார்டும் ஜாக் ஹிர்ஷும், நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். கடைசியில் தனியாக கீத் எரிக்சன். அவர் அதே 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வாலிபால் அணியில் ஆடியவர். பந்து எங்கே இறங்கும் என்று கணித்து எழும்புவதில் அந்தப் பயிற்சி கைகொடுத்தது.

முதல் பாஸை உள்ளே வர விடுவார்கள். பறிப்பது நோக்கமல்ல. பந்து வாங்கியவரை நடுப்பகுதிக்குள் வர விடாமல் பக்கக்கோட்டுப் பக்கம் திருப்புவது முன்வரிசையின் வேலை. அவர் கோட்டை ஒட்டிப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு (டிரிபிள்) நடுக்கோட்டை நெருங்கும்போது, அந்தப் பக்கத்து இரண்டாம் வரிசைக்காரர் முன்னே வந்து நிற்க, பின்னால் துரத்தி வரும் முன்வரிசைக்காரரும் சேர்ந்து பொறி அடைபடும். பக்கக்கோடும் நடுக்கோடும் மீதி இரண்டு சுவர்கள். பத்து விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதி வேறு கழுத்தைப் பிடிக்கும். அதே நேரம் எதிர்ப்பக்க இரண்டாம் வரிசைக்காரர் நடுவுக்கு நகர்வார், எதிர்ப்பக்க முன்வரிசைக்காரர் பின்வாங்கித் திரும்பு பாஸை மூடுவார். எரிக்சன் பந்து இருக்கும் பக்கத்து நீளமான பாஸை எதிர்பார்த்து நிற்பார். சிக்கியவர் உயரே தூக்கி எறியும் பந்து காற்றில் மிதக்கும் நேரம்தான் இவர்களுடைய சாப்பாடு.

எங்கே கெடும்? முன்வரிசைக்காரர் பொறுமையிழந்து கையை நீட்டினால் ஃபவுல். பொறி அடைக்கும் இருவரின் கால்களுக்கு நடுவே சந்து விட்டால் பந்தைக் கொண்டுவரும் நல்ல ஆட்டக்காரர் (கார்ட்) நுழைந்து போய்விடுவார். எதிர்ப்பக்கத்தவர் அரை விநாடி தாமதித்தால் நடுவில் ஒருவர் பந்து வாங்கித் திரும்புவார். பிறகு மூன்று பேருக்கு எதிராக எரிக்சன் ஒருவர். உடைந்தால் நால்வரும் திரும்பிப் பார்க்காமல் கூடைக்கு அடியில் ஓட வேண்டும். 40 நிமிடமும் இப்படி ஓட உடம்பு இருக்க வேண்டும். அந்த உடம்பு வந்தது காற்றோட்டமில்லாத மேல்மாடிக் கூடத்தில் ஓடிய ஓட்டத்தில். வூடன் பயிற்சியை நிமிடவாரியாகச் சின்ன அட்டைகளில் எழுதிக்கொண்டு வருவார். ஒரு பயிற்சி முடிந்ததும் அடுத்ததற்கு ஓடியே போக வேண்டும், நின்று மூச்சு வாங்க இடமில்லை. பருவத்தின் முதல் நாளில் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடவும் ஷூ நாடாவைச் சரியாகக் கட்டவும் கற்றுக்கொடுத்ததும் இதனால்தான். சுருக்கம் இருந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தவர் பிரஸ்ஸில் அரையடி பின்தங்குவார்.

ட்யூக்குடனான இறுதியில் 27-30 என்று பின்தங்கி இருந்தவர்கள், சுமார் இரண்டரை நிமிடத்தில் தொடர்ந்து 16 புள்ளி எடுத்து 43-30 ஆக்கினார்கள். முடிவு 98-83. மாற்று ஆளாக வந்த கென்னி வாஷிங்டன் 26 புள்ளி.

எண்_பித்து:

நான்கு ஆட்டம், ஆறு ஆட்டம் என்ற முதல் காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

ஒரு அணி தேசியப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டத்தையும் வெல்லும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று வைத்தால், 4 ஆட்டமும் வெல்ல 65.6 விழுக்காடு, 6 ஆட்டமும் வெல்ல 53.1. 95 விழுக்காடு என்று வைத்தால் 81.5 எதிராக 73.5. ஆக, ஒரு தனிப் பட்டத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் பெரிதல்ல. அந்த அளவுக்குக் கறார்_கணக்கு சொல்வது மிகை.

ஆனால் தொடர்ச்சிக்கு வந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1967 முதல் 1973 வரை ஏழு பட்டம் வரிசையாக. 95 விழுக்காடு அணிக்கு 4 ஆட்ட முறையில் அது நடக்க 24 விழுக்காடு வாய்ப்பு. 6 ஆட்ட முறையில் 12தான். பாதியாகிவிடுகிறது. 90 விழுக்காடு அணிக்கு 5 விழுக்காடும், 1 விழுக்காட்டுக்குச் சற்று மேலும்.

இதையே திருப்பிப் படியுங்கள். 90 விழுக்காடு அணிக்கு, எளிதான பழைய முறையிலேயே, ஏழு தொடர் பட்டம் இருபதில் ஒரு வாய்ப்பு. 1964இலிருந்து 1974 வரை தேசியப் போட்டியில் தொடர்ந்து 38 ஆட்டம் வென்றார்கள். அதற்கு 95க்கும் மேலே இருக்க வேண்டும். போட்டிமுறை அந்த எண்ணை உருவாக்காது; ஏற்கெனவே இருக்கும் மேலாண்மையைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

கறார்_கணக்கு:

கணக்கை ஏற்கிறேன். ஆனால் அந்த 95 எங்கிருந்து வருகிறது? பலவீனமான எதிரிகளிடமிருந்து. என் இரண்டாவது காரணத்தை இதுவரை யாரும் தொடவில்லை.

பழைய_விசில்:

தொடுறேன். 1974 வரைக்கும் ஒரு கான்ஃபரன்ஸ்லேர்ந்து, அதாவது கல்லூரிகள் சேர்ந்து ஆடுற ஒரு லீக்லேர்ந்து, ஒரே ஒரு அணிதான் தேசியப் போட்டிக்குப் போகலாம். 1971இல் யூஎஸ்சி 24-2. அந்த ரெண்டு தோல்வியும் யூசிஎல்ஏகிட்டதான். அவ்வளவு நல்ல அணிக்கு அழைப்பே வரல. மேற்குல பலமான அணி இல்லன்னு சொல்றீங்க. இருந்தது, ஆனா யூசிஎல்ஏ அதை மார்ச் மாசத்துக்கு முன்னாடியே ரெண்டு தடவை முடிச்சுடுச்சு. இன்னிக்கு மாதிரி மூணாவது, நாலாவது இடத்துல முடிச்சுட்டு உள்ள போற வசதி அப்ப கிடையாது. கான்ஃபரன்ஸ்ல வழுக்கினா அந்த வருஷமே போச்சு. 1974இல் மேரிலாண்ட், தன் கான்ஃபரன்ஸ் இறுதியில கூடுதல் நேரத்துல 103-100ன்னு தோத்து வீட்டுல உட்கார்ந்த மாதிரி.

அதே 1971இல் மேற்குப் பிரிவு இறுதியில லாங் பீச் ஸ்டேட், பயிற்சியாளர் ஜெரி டார்கேனியன். யூசிஎல்ஏ 11 புள்ளி பின்தங்கி, கடைசியில 57-55ன்னு தப்பிச்சது. எல்லாம் 109-60 இல்ல.

சொந்த ஊர் வசதி பத்தி: 1967 கொர்வாலிஸ், 68 அல்புகர்க்கி, 70 சியாட்டில், 71 சால்ட் லேக் சிட்டி, 72 ப்ரோவோ. பாலியில நடந்தது ரெண்டுதான்.

எதிர்க்கரை:

இந்த விவாதத்தில் பேச வேண்டியது இன்னொன்று இருக்கிறது. சாம் கில்பர்ட். லாஸ் ஏஞ்சலிஸ் ஒப்பந்தக்காரர், அணியின் ஆதரவாளர். வூடன் காலத்து ஆட்டக்காரர்களுக்கு அவர் செய்த சலுகைகள் பற்றி 1980களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் விரிவாக எழுதியது. 1981இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ யூசிஎல்ஏவைத் தண்டித்தது. 1980இல் லாரி பிரவுன் பயிற்சியில் இறுதி ஆட்டம் வரை போன பதிவே ரத்தானது. வூடனின் பட்டங்கள் எதுவும் பறிக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் போட்டிமுறையையும் மேற்குப் பிரிவையும் தோண்டும் நாம் இதைச் சொல்லாமல் விட்டால் விவாதம் நேர்மையாக இருக்காது.

மூன்றாம்_மாடி:

சொல்ல வேண்டியதுதான், மறைக்கத் தேவையில்லை. வூடனுக்கு அது எந்த அளவு தெரியும் என்பது அவர் பெயரோடு என்றும் ஒட்டியிருக்கும் கேள்வி. அவர் அதைத் தடுத்து நிறுத்தவில்லை என்ற குறை நியாயமானது. இருந்தாலும் கில்பர்ட்டின் நெருக்கம் பேசப்படுவது அல்சின்டர் வந்த பிறகான வருடங்களை ஒட்டித்தான். 1964, 1965 அணிகளின் ஆட்டத்தை அது விளக்காது.

எதிர்க்கரை:

நியாயம். ஆட்டத்துக்கே வருகிறேன். யூசிஎல்ஏ எப்படித் தோற்றது என்பதைப் பார்த்தால் அந்தக் கால விதிகள் யாருக்கு உதவின என்று தெரியும்.

அப்போது ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கடிகாரம், கிடையாது. கல்லூரி ஆட்டத்தில் 45 விநாடிக் கடிகாரம் வந்தது 1985-86இல்தான். 1969 மார்ச் 7 அன்று ஸ்போர்ட்ஸ் அரீனாவில் யூஎஸ்சியை வெல்ல யூசிஎல்ஏவுக்கு இரண்டு கூடுதல் நேரம் தேவைப்பட்டது, 61-55. மறுநாள் பாலியில் யூஎஸ்சி பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றது. வெளியே பாஸ் சுற்றிக்கொண்டே இருந்து, அல்சின்டரைக் கூடையை விட்டு வெளியே இழுத்து, உறுதியான ஷாட் கிடைத்தால் மட்டும் எடுத்தது. 46-44, யூஎஸ்சி வெற்றி. பாலியில் வூடனின் முதல் தோல்வி அது. அடுத்த வருடம் இரண்டாவது தோல்வியும் யூஎஸ்சியிடமே, 87-86. கடிகாரம் இல்லாதது பலவீனமான அணிக்குத்தான் ஆயுதம். ஆட்டத்தில் பந்து கைமாறும் எண்ணிக்கை குறையக் குறைய, அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். யூசிஎல்ஏ பிரஸ் ஆடியதே அதை முறியடிக்க: எதிரி நிதானமாக நிற்க முடியாதபடி வேகத்தைத் திணிப்பது.

1967-68 முதல் டங்க், அதாவது எழும்பிப் பந்தை மேலிருந்து கூடைக்குள் அமுக்குவது, தடை வேறு. 1976-77இல்தான் திரும்ப வந்தது. அதுவும் அல்சின்டருக்கு எதிராகத்தான் வேலை செய்தது. முதலாண்டு மாணவர்கள் மூத்த அணியில் ஆடக் கூடாது என்ற விதி 1972 வரை இருந்தது. அல்சின்டருக்கும் வால்டனுக்கும் ஒவ்வொரு வருடம் போயிற்று. இந்தக் கோணத்தில் நான் கறார்_கணக்கோடு உடன்படவில்லை.

கறார்_கணக்கு:

இந்த விதிகள் எல்லா அணிக்கும் பொதுவே. ஆனால் ஒரு பெரிய விஷயம் விடுபடுகிறது: ஆட்டக்காரர்கள் அன்று எளிதில் போக முடியாது. இன்று அல்சின்டர் மாதிரி ஒருவர் ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு தொழில்முறைக்குப் போய்விடுவார். வூடனுக்கு மூன்று வருடம் முழுசாகக் கிடைத்தார். கூட்டு ஆட்டம் பழக மூன்று வருடம் என்பது எவ்வளவு பெரிய சலுகை!

மூன்றாம்_மாடி:

இது உங்கள் வாதங்களிலேயே வலுவானது. மறுக்கவில்லை. ஆனால் எல்வின் ஹேய்ஸும் ஹூஸ்டனில் மூன்று வருடம் ஆடினார். 1968 ஜனவரியில் ஆஸ்ட்ரோடோமில் 52,693 பேர் முன்னால் ஹூஸ்டன் யூசிஎல்ஏவை 71-69 என்று வென்றது. ஹேய்ஸ் 39 புள்ளி. அல்சின்டர் கண்ணில் விழிவெண்படலக் காயத்தோடு ஆடினார். மார்ச்சில் அரையிறுதியில் மறுபடி சந்தித்தபோது நார்மனின் யோசனையில் டயமண்ட்-அண்ட்-ஒன் ஆடினார்கள்: நால்வர் வைர வடிவில் இடம் காக்க, அல்சின்டர் கூடையருகே, லின் ஷாக்கல்ஃபோர்ட் மட்டும் ஹேய்ஸை எங்கே போனாலும் விடாமல் ஒட்டிக்கொண்டார். ஹேய்ஸ் 10 புள்ளி. 101-69. இரண்டு மாதத்தில் 2 புள்ளித் தோல்வி 32 புள்ளி வெற்றியாக மாறியது. எதிரிக்கும் அதே மூன்று வருடம் கிடைத்திருந்தது.

இன்னொன்று. 1974 அரையிறுதி கிரீன்ஸ்பரோவில், வட கரோலினாவில். எதிரி வட கரோலினா ஸ்டேட். இரண்டாம் பாதியில் 11 புள்ளி முன்னிலை, இரண்டாவது கூடுதல் நேரத்தில் 7 புள்ளி முன்னிலை. இரண்டையும் விட்டு 80-77 என்று தோற்றார்கள். சொந்த ஊர் வசதியைக் கழிப்பதென்றால் அன்று எதிரிக்கு இருந்த வசதியையும் கழிக்க வேண்டும்.

கறார்_கணக்கு:

கழிக்கிறேன். என் நிலை இப்போது இது: அரங்கம் காரணமல்ல. மேற்குப் பிரிவு ஓரளவு காரணம். ஆட்டக்காரர்கள் நிலைத்திருந்ததும் குறைந்த ஆட்டங்களும் உண்மையான சலுகைகள். அந்தச் சலுகைகள் போன பிறகு யூசிஎல்ஏ என்ன செய்தது என்பதே சோதனை. 1975க்குப் பிறகு ஒரே பட்டம், 1995.

எண்_பித்து:

அந்த ஒரு பட்டம் ஆறு ஆட்டத்தில் வென்றது. இரண்டாவது ஆட்டம் பாய்சியில், மிசூரியிடம் ஒரு புள்ளி பின்தங்கி, மீதி 4.8 விநாடி. டயஸ் எட்னி தன் கூடையடியில் பந்தை வாங்கி, நடுக்கோட்டருகே முதுகுக்குப் பின்னால் கைமாற்றி, தளம் முழுக்க ஓடிப் போட்டார். 75-74.

மூன்றாம்_மாடி:

இறுதி அதைவிட முக்கியம். சியாட்டிலில், நடப்புச் சாம்பியன் ஆர்கன்சா. அவர்களுடைய உயிரே 40 நிமிட முழுக்களப் பிரஸ். பிரஸ்ஸை உடைக்க வேண்டிய எட்னி மணிக்கட்டுக் காயத்தால் சில நிமிடங்களிலேயே வெளியேறினார். பதிலாக வந்தவர் கேமரன் டாலர். யூசிஎல்ஏ செய்தது, 1964இல் எதிரிகள் செய்யத் தவறியதை: பந்து வாங்கியவர் பக்கக்கோட்டுக்கு ஓடவில்லை, பொறி வருமுன் நடுவில் நிற்பவரிடம் கொடுத்தார், அவர் உடனே எதிர்ப்பக்கம் திருப்பினார். டிரிபிள் குறைவு, பாஸ் அதிகம். உடைத்த பிறகு நிதானிக்காமல் நேராகக் கூடைக்கே போனார்கள். எட் ஓபானன் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். டோபி பெய்லி 26 புள்ளி. டாலர் 8 அசிஸ்ட் (கூடை விழ வழிவகுத்த பாஸ்). 89-78.

ஜான்ஸ்_படிகள்:

அந்தச் சோதனையில் 2021ஐயும் சேருங்கள். 68 அணி முறையில் தொடக்கத் தகுதி ஆட்டத்திலிருந்து அரையிறுதி வரை வந்து, கொன்சாகாவிடம் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் 93-90 தோற்றார்கள். அந்த ஓட்டத்தில் வென்றது ஐந்து ஆட்டம். 1975 தவிர, வூடன் காலப் பட்டத்துக்குத் தேவைப்பட்டதைவிட ஒன்று அதிகம்.

கறார்_கணக்கு:

அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐந்து வென்றும் பட்டம் இல்லை. இதை வைத்து அடுத்த இழையில் 2006, 2007, 2008 என்று பென் ஹவ்லண்ட் தொடர்ந்து மூன்று முறை அரையிறுதிக்குக் கொண்டுபோனதை எடுத்துக்கொள்வோம். ஆட்டக்காரர்கள் வருடாவருடம் கலையும் காலத்தில் அது வூடனின் எத்தனை பட்டத்துக்குச் சமம் என்று எண்_பித்து கணக்குப் போடட்டும்.